பம்ப் செட்டுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் ஏற்ற பியூஸ் கம்பி

இறவைப் பாசனப் பயிர் தண்ணீருக்குக் காத்து நிற்கும் காலத்தில், கிராமங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘பீஸ் போச்சு’ என்பதுதான். பியூஸ் என்னும் மின் உருகியைத்தான் நம் விவசாயிகள் ‘பீஸ்’ என்கிறார்கள். பீஸ் போனால் கையில் கிடைத்த கம்பியைச் சுற்றிவிட்டு மோட்டாரை ஓட்டிவிடுவது பலரிடம் வழக்கமாகிவிட்டது. அன்றைய தண்ணீர் பாய்ந்துவிடும். ஆனால் அந்தக் கம்பியால் பின்னர் மோட்டார் கருகும், சில சமயம் ஊர் டிரான்ஸ்பார்மரே கருகும். ஒரு டிரான்ஸ்பார்மர் கருகினால் அதை நம்பியுள்ள பத்துப் பதினைந்து கிணறுகளும் நின்றுவிடும். மாற்று டிரான்ஸ்பார்மர் வந்து சேரும் வரை கதிர் காத்திருக்காது.

ஆகவே பியூஸ் கம்பியின் அளவை எப்படிக் கணக்கிடுவது, அது எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதை ஒவ்வொரு விவசாயியும் தெரிந்து வைத்திருப்பது நலம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மோட்டார் கொட்டகைக்குள், மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகு, உங்கள் பீஸ் கட்டையில் கம்பி மாற்றுவது உங்கள் எல்லைக்குள் உள்ள வேலை. டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் உள்ள பியூஸ்கள் மின்வாரிய ஊழியர் மட்டுமே தொட வேண்டியவை. அவற்றைப் பற்றி இங்கே விளக்குவது நீங்கள் ஏறிப் போடுவதற்காக அல்ல. பழுது எங்கே என்று அறிந்து சரியாகச் சொல்வதற்காகவும், தவறான கம்பி போடுவதைத் தடுப்பதற்காகவும்தான்.

நான் கட்டிய பீஸ்

1990-ஆம் ஆண்டு, வேளாண்மைப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் கிணற்றில் 5 குதிரைத்திறன் மோட்டார். நிலக்கடலை காய் பிடித்து நின்றது. இரவில்தான் தண்ணீர் கட்டுவோம். இரண்டு நாட்களாகப் பீஸ் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. அப்பா ஒவ்வொரு முறையும் பொறுமையாக ஓர் இழையைக் கட்டுவார். அரை மணி நேரத்தில் மறுபடியும் போய்விடும். மூன்றாம் நாள் இரவு, “நீங்க போய்ப் படுங்கப்பா, நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, மூன்று கட்டைகளிலும் கனத்த செம்புக் கம்பியை இரட்டையாக முறுக்கிக் கட்டினேன். விடியும் வரை பீஸ் போகவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் இரவு மோட்டார் புகைந்து நின்றது. பிரித்துப் பார்த்தபோது பேரிங் தேய்ந்து ரோட்டார் உரசியிருந்தது தெரிந்தது. பேரிங் மட்டும் மாற்றியிருந்தால் ஒரு நாள் வேலை. நான் போட்ட கம்பியால் காயில் முழுவதும் கருகிவிட்டது. காயில் கட்டி வர பன்னிரண்டு நாட்கள் ஆயின. கடலை பாதிக்குப் பாதி சருகாயிற்று. அப்பா என்னைத் திட்டவில்லை. “பீஸ் போறது கெடுதல் இல்லடா தம்பி, போகவேண்டிய நேரத்துல போகாம நிக்கிறதுதான் கெடுதல்” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு எத்தனையோ புத்தகங்களைப் படித்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் பியூஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதன் கணக்கை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

பியூஸ் செய்யும் வேலை

மின்சாரம் ஓடும் எந்தக் கம்பியும் சூடாகும். மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மோட்டார் காயிலும் டிரான்ஸ்பார்மர் காயிலும் ஓர் அளவுச் சூட்டைத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் கம்பியின் மேலுள்ள காப்புப் பூச்சு கருகி, சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுவிடும். அதற்கு முன்பே உருகி மின்சாரத்தைத் துண்டிப்பதற்காக, வழியில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட மெல்லிய கம்பிதான் பியூஸ். வாய்க்காலில் வெள்ளம் மிஞ்சினால் உடைத்துக்கொள்வதற்கென்று ஓரிடத்தில் கரையைத் தாழ்த்தி வைக்கிறோம் அல்லவா? அது போன்றதே இதுவும். அந்த இடத்தையும் உயர்த்திக் கட்டிவிட்டால் வேறு எங்கே உடையும் என்று சொல்ல முடியாது.

ஆனால் மெல்லியதாக இருந்தால் மட்டும் போதாது. மோட்டார் கிளம்பும்போது சில விநாடிகள் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஆறு மடங்கு வரை இழுக்கும். அதற்கெல்லாம் உருகிவிட்டால் மோட்டாரை ஓட்டவே முடியாது. கிளம்பும் மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும். பழுதின்போது உருகவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையே அளவைப் பிடிப்பதுதான் பியூஸ் கணக்கு.

மோட்டாருக்குக் கம்பி அளவு

மூன்று பேஸ் பம்ப் செட் மோட்டார், ஒரு குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். சற்றுக் குறைந்த திறனுள்ள மோட்டார்களையும் சேர்த்து 1.6 ஆம்பியர் என்று கணக்கிடுவது பாதுகாப்பானது. 3 குதிரைத்திறனுக்கு 5, ஐந்துக்கு 8, ஏழரைக்கு 12, பத்துக்கு 16 ஆம்பியர் என்று கொள்ளலாம். உங்கள் மோட்டாரின் பெயர்த்தகட்டில் ஆம்பியர் பொறிக்கப்பட்டிருந்தால் அதுவே சரியான கணக்கு.

பியூஸ் கம்பி இந்த அளவைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு தரம் உள்ளதாக இருக்க வேண்டும். ஈயம் பூசிய செம்புக் கம்பிக்கு உரிய அளவுகள் வருமாறு:

3 குதிரைத்திறன், நேரடி ஸ்டார்ட்டர்: 15 ஆம்பியர் தரம், கம்பிக் கனம் 0.50 மி.மீ.

5 குதிரைத்திறன், நேரடி ஸ்டார்ட்டர்: 20 ஆம்பியர் தரம், 0.60 மி.மீ. நல்ல நிலையில் உள்ள மோட்டாரும் கிளம்பும்போதே கம்பி போகிறது என்றால் 25 ஆம்பியர், அதாவது 0.75 மி.மீ. வரை போகலாம். அதற்கு மேல் கூடாது.

7.5 குதிரைத்திறன், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்: 25 ஆம்பியர் தரம், 0.75 மி.மீ.

10 குதிரைத்திறன், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்: 30 ஆம்பியர் தரம், 0.85 மி.மீ.

ஸ்டார்ட்டருடன் வந்த அட்டையில் பியூஸ் அளவு கொடுக்கப்பட்டிருந்தால் அதையே பின்பற்றவும். பீஸ் கட்டையின் மேல் பொறித்துள்ள ஆம்பியருக்கு அதிகமான கம்பியை அதில் போடக்கூடாது. கம்பி உருகுவதற்குள் கட்டை கருகிவிடும்.

கனம் அறியும் எளிய முறை

கம்பியின் கனத்தை அளக்கும் கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு பென்சிலில் கம்பியை இடைவெளி இல்லாமல் நெருக்கமாக இருபது சுற்றுச் சுற்றுங்கள். அந்தச் சுற்றுகள் அடைத்துக்கொண்ட நீளத்தை அளவுகோலில் பார்த்து இருபதால் வகுத்தால் கம்பியின் கனம் கிடைக்கும். இருபது சுற்று 12 மி.மீ. அடைத்தால் கம்பி 0.60 மி.மீ.; 10 மி.மீ. அடைத்தால் 0.50 மி.மீ.

கனம் இரு மடங்கானால் உருகும் ஆம்பியரும் இரு மடங்காகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கனம் இரு மடங்கானால் உருகும் அளவு ஏறத்தாழ 2.8 மடங்காகும். ‘கொஞ்சம் கனமாகப் போட்டால் என்ன’ என்று போடும் கம்பி, கொஞ்சம் அல்ல, மிக அதிகமாகத் தாங்கிவிடும்.

வேறொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கையால் கட்டும் கம்பி பியூஸ், அதன் தரத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு மின்னோட்டத்தில்தான் உருகும். 20 ஆம்பியர் கம்பி 25 ஆம்பியரில் உருகிவிடாது. நாற்பதை நெருங்கினால்தான் உருகும். 5 குதிரைத்திறன் மோட்டார் எட்டுக்குப் பதில் பன்னிரண்டு ஆம்பியர் இழுத்துக்கொண்டு மெதுவாகக் கருகும்போது பியூஸ் பேசாமல் இருக்கும். ஆகவே அதிகச் சுமையிலிருந்து மோட்டாரைக் காப்பது ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே. கம்பிகள் ஒன்றோடொன்று தொடும் ஷார்ட் சர்க்யூட்டிலிருந்து காப்பது பியூஸ். இரண்டும் வேண்டும். ரிலே அடிக்கடி விழுகிறதென்று குச்சி செருகி வைப்பதும், பீஸ் போகிறதென்று கனத்த கம்பி கட்டுவதும் ஒரே தவறுதான்.

மூன்று கம்பிகளில் ஒன்று மட்டும் உருகினால் மோட்டார் இரண்டு பேஸில் ஓட முயலும். அப்போது மீதி இரண்டு கம்பிகளில் மின்னோட்டம் 1.7 மடங்கு வரை ஏறும். ரிலே சரியாக இல்லையென்றால் சில நிமிடங்களில் காயில் போய்விடும். இதற்காகவே சிங்கிள் பேஸ் பிரிவென்டர் என்னும் கருவி விற்கப்படுகிறது. மூன்று கட்டைகளிலும் ஒரே கனமுள்ள கம்பியையே கட்ட வேண்டும். ஒன்று போனாலும் மூன்றையும் புதிதாகக் கட்டுவது நல்லது. மற்ற இரண்டும் சூடேறி நலிந்திருக்கும்.

புதிதாக மோட்டார் கொட்டகை அமைப்பவர்கள் எச்.ஆர்.சி. பியூஸ் வைத்துக்கொள்வது மேல். மணல் நிரப்பிய குப்பிக்குள் கம்பி இருப்பதால் பெரிய ஷார்ட்டையும் தீப்பொறி வெளியே வராமல் அணைக்கும். அதில் நாம் கனத்த கம்பி சுற்றவும் வழியில்லை.

டிரான்ஸ்பார்மரின் கணக்கு

நம் ஊர்களில் விவசாயத்துக்கென்று நிற்கும் டிரான்ஸ்பார்மர்கள் பெரும்பாலும் 16, 25, 63, 100 கே.வி.ஏ. அளவுள்ளவை. மேலே எச்.டி. பக்கத்தில் 11,000 வோல்ட் வருகிறது (சில மாவட்டங்களில் 22,000 வோல்ட்). கீழே எல்.டி. பக்கத்தில் 433 வோல்ட்டாக இறங்குகிறது. எல்.டி. பக்கம் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்று அறிய, கே.வி.ஏ. எண்ணை 1.33-ஆல் பெருக்கினால் போதும். 11,000 வோல்ட் எச்.டி. பக்கத்துக்கு அதே எண்ணை 19-ஆல் வகுக்க வேண்டும்.

இதன்படி, 16 கே.வி.ஏ.க்கு எல்.டி. 21 ஆம்பியர், எச்.டி. 0.84 ஆம்பியர். 25 கே.வி.ஏ.க்கு 33, 1.3 ஆம்பியர். 63 கே.வி.ஏ.க்கு 84, 3.3 ஆம்பியர். 100 கே.வி.ஏ.க்கு 133, 5.25 ஆம்பியர்.

ஒரு 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது டிரான்ஸ்பார்மரிலிருந்து ஏறத்தாழ 5.8 கே.வி.ஏ. எடுக்கும். ஆகவே எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 16 கே.வி.ஏ. இரண்டு மோட்டார்களைத் தாங்கும். மூன்றாவது அதிகச் சுமை. 25 கே.வி.ஏ. நான்கையும், 63 கே.வி.ஏ. பத்தையும், 100 கே.வி.ஏ. பதினேழையும் தாங்கும். உங்கள் டிரான்ஸ்பார்மரில் எத்தனை மோட்டார்கள் உள்ளன, அவற்றின் உண்மையான குதிரைத்திறன் என்ன என்று ஒரு நாள் மாலை நாலு பேர் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். ஐந்து என்று பதிவு செய்துவிட்டு ஏழரை ஓட்டினால், அது பக்கத்துக் காட்டுக்காரரின் பங்கையும் எடுக்கிறது. பத்து மோட்டார்களும் அப்படி ஆனால் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் மேல் 87 கே.வி.ஏ. சுமை ஏறும். இதற்குப் பியூஸ் மருந்தல்ல.

எச்.டி. பியூஸ் எப்படி அளவிடப்படுகிறது?

டிரான்ஸ்பார்மருக்கும் மோட்டாரைப் போல் ஒரு குணம் உண்டு. மின்சாரம் நின்று திரும்ப வரும் கணத்தில், சுமையே இல்லாவிட்டாலும், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் முழுச் சுமையைப் போல் 8 முதல் 12 மடங்கு வரை மின்னோட்டத்தை இழுக்கும். 63 கே.வி.ஏ.க்கு இது எச்.டி. பக்கத்தில் 40 ஆம்பியர் வரை போகும். இதற்கு உருகும் கம்பி பயன்படாது.

மறுபக்கம், எல்.டி. முனையிலேயே ஷார்ட் ஏற்பட்டால் எவ்வளவு ஓடும்? இந்த அளவு டிரான்ஸ்பார்மர்களின் மின் தடுப்பு 4.5 சதவிகிதம். நூறை 4.5-ஆல் வகுத்தால் 22. முழுச் சுமையைப் போல் 22 மடங்கு ஓடும். 63 கே.வி.ஏ.க்கு எல்.டி.யில் 1,870 ஆம்பியர் அளவுக்கு, எச்.டி.யில் 73 ஆம்பியர் அளவுக்கு ஆகும். இதை டிரான்ஸ்பார்மர் இரண்டு விநாடி தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. அதற்குள் பியூஸ் உருகிவிட வேண்டும்.

ஆக, 40 ஆம்பியர் ஒரு கணம் வந்தால் உருகக்கூடாது. 73 ஆம்பியர் வந்தால் இரண்டு விநாடிக்குள் உருக வேண்டும். இந்த இடைவெளி எவ்வளவு குறுகலானது என்று பாருங்கள். முழுச் சுமையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு தரமுள்ள எச்.டி. பியூஸ்தான் இதற்குள் பொருந்தும். 63 கே.வி.ஏ.க்கு 10 ஆம்பியருக்கு மேல் போகாது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கம்பியாக இருக்கிறதே என்று இதை மாற்றிக் கனமாகப் போட்டால், காயில் எரியும்போது கம்பி நிற்கும். பின்னர் சப் ஸ்டேஷனில் பிரேக்கர் விழுந்து பல ஊர்கள் இருண்டு போகும். அல்லது எண்ணெய் கொதித்து டிரான்ஸ்பார்மர் தீப்பிடிக்கும்.

எல்.டி. பியூஸின் கணக்கு

எச்.டி. பியூஸ் முழுச் சுமையைப் போல் இரண்டு மூன்று மடங்கு தரம் உள்ளது என்பதால், அது அதிகச் சுமையிலிருந்து காக்காது. வயல்வெளியில் கம்பி அறுந்தாலோ உரசினாலோ முதலில் உருக வேண்டியது எல்.டி. பியூஸ். அது உருகினால் ஒரு பகுதி மட்டும் நிற்கும், எச்.டி. போனால் டிரான்ஸ்பார்மரையே நம்பியுள்ள அனைவருக்கும் கெடும்.

ஓர் எடுத்துக்காட்டு. 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரிலிருந்து இரண்டு எல்.டி. வரிசைகள் போகின்றன, வரிசைக்கு ஐந்து மோட்டார். ஐந்தும் ஓடினால் 40 ஆம்பியர். இதற்கு 45 ஆம்பியர் தரமுள்ள 1.25 மி.மீ. கம்பி போட்டதாக வைத்துக்கொள்வோம். அது 110 ஆம்பியர் அளவில் உருகும். நான்கு மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்க ஐந்தாவது கிளம்பினால் 32-உம் 48-உம் சேர்ந்து 80 ஆம்பியர்தான். கம்பி தாங்கும்.

இப்போது அந்தக் கம்பிக்குப் பதில் அறுந்து கிடந்த லைன் கம்பியிலிருந்து பிரித்த அலுமினிய இழை ஒன்றைச் சுற்றியதாக எண்ணிக்கொள்ளுங்கள். 2.59 மி.மீ. கனமுள்ள அந்த இழை உருக ஏறத்தாழ 250 ஆம்பியர் வேண்டும். டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, அதே கனமுள்ள ஏழு இழைகளைக் கொண்ட எல்.டி. கம்பிகள் காற்றில் உரசி இரண்டு பேஸ் தொட்டுவிட்டால், கம்பியின் தடை காரணமாக ஏறத்தாழ 200 ஆம்பியர்தான் ஓடும். அதாவது முழு ஷார்ட் நடந்துகொண்டிருக்கும், பீஸ் போகாது! 84 ஆம்பியருக்கான டிரான்ஸ்பார்மர் 200 ஆம்பியரைச் சுமந்தபடி எண்ணெயைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும். கம்பி அறுந்து ஈர வரப்பில் விழுந்தாலோ இன்னும் மோசம். அங்கே ஓடும் மின்னோட்டம் இதைவிடக் குறைவு. கம்பி உயிரோடு கிடக்கும். காலையில் மடை பார்க்கப் போகிறவர் அதை மிதிப்பார். பல கிராமங்களில் மாட்டையும் மனிதரையும் பலி கொண்ட விபத்துகளின் பின்னே இத்தகைய கனத்த கம்பியும் ஒரு காரணம். சரியான பியூஸ் இருந்தாலும் ஈரத்தரையில் கிடக்கும் கம்பிக்கு அது உருகாமல் போகலாம் என்பதால், அறுந்த கம்பி எதையும் நெருங்கக்கூடாது. குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் தள்ளி நிறுத்தி, மின்வாரியத்துக்குச் சொல்லி, ஆள் வரும் வரை ஒருவர் காவல் நிற்க வேண்டும்.

நியூட்ரல் கம்பியில் பியூஸ் போடவே கூடாது. அது உருகினால் வீடுகளுக்குப் போகும் 230 வோல்ட் தாறுமாறாக ஏறி, விளக்கு, விசிறி, டி.வி. எல்லாம் எரிந்துவிடும்.

ஆட்டோ சுவிட்ச் செய்யும் கெடுதல்

மூன்று பேஸ் மின்சாரம் எந்த நேரத்தில் வரும் என்று தெரியாததால், பலர் ஆட்டோ சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே கிளம்பிவிடும். வசதிதான். ஆனால் ஒரு வரிசையில் ஐந்து பேரும் வைத்திருந்தால் ஐந்து மோட்டார்களும் ஒரே விநாடியில் கிளம்பும். ஐந்து நாற்பத்தெட்டு 240 ஆம்பியர். மேலே சொன்ன கம்பி உருகத்தான் செய்யும். அது பீஸின் குற்றமல்ல. அதற்காகக் கனத்த கம்பி போடும்படி லைன்மேனை வற்புறுத்துவதும் முறையல்ல.

இதற்குச் செலவில்லாத வழி உண்டு. தாமதமாகக் கிளம்பும் வசதியுள்ள ஆட்டோ சுவிட்சுகள் கிடைக்கின்றன. ஒரு டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்த விவசாயிகள் கூடிப் பேசி, முதல் கிணறு அரை நிமிடம், இரண்டாவது ஒரு நிமிடம், மூன்றாவது ஒன்றரை நிமிடம் என்று முறை வைத்துக்கொள்ளலாம். ஏரிப் பாசனத்தில் மடைக்கு முறை வைத்து வாழ்ந்தவர்கள் நாம். மின்சாரத்துக்கும் முறை வைப்பது புதிதல்ல.

கெப்பாசிட்டர் வைப்பதும் சுமையைக் குறைக்கும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் இணைத்தால் 5.8 கே.வி.ஏ. என்பது 4.9 அளவுக்கு இறங்கும். லைனில் மின்னோட்டமும் எட்டிலிருந்து ஏழு ஆம்பியருக்குக் குறையும். பத்துப் பேரும் வைத்தால் ஒன்றரை மோட்டாருக்கு உரிய இடம் டிரான்ஸ்பார்மரில் மிச்சமாகும். வோல்டேஜும் சற்று ஏறும்.

எந்தப் பியூஸ் போயிருக்கிறது?

மின்சாரம் குறைபட்டால் மின்வாரியத்துக்கு ‘கரண்ட் இல்லை’ என்று மட்டும் சொல்லாமல், எது போயிருக்கிறது என்று சொன்னால் வேலை விரைவாக முடியும். முதலில் மோட்டார்களை எல்லாம் நிறுத்திவிட வேண்டும். ஓடும் மோட்டார் இறந்த பேஸிலும் ஓரளவு வோல்டேஜை ஏற்றிக் காட்டும். அதனால் ஏமாந்து போவோம். பிறகு ஸ்டார்ட்டர் பலகையில் உள்ள மூன்று விளக்குகளையோ வோல்ட் மீட்டரையோ பாருங்கள்.

ஒரு பேஸ் முழுவதும் இல்லை, மற்ற இரண்டும் நன்றாக உள்ளன என்றால் எல்.டி. பியூஸ் ஒன்று போயிருக்கும். பக்கத்துக் கிணற்றில் சரியாக இருந்து உங்களிடம் மட்டும் இல்லையென்றால் உங்கள் பீஸ் கட்டையிலோ, உங்களுக்கு வரும் கம்பியிலோ பழுது.

ஒரு பேஸில் விளக்கு நன்றாக எரிகிறது, மற்ற இரண்டிலும் மங்கலாக, அதாவது பாதி வோல்டேஜில் எரிகிறது என்றால் எச்.டி. பியூஸ் ஒன்று போயிருக்கும் அல்லது எச்.டி. கம்பி ஒன்று அறுந்திருக்கும். இந்த நிலையில் மோட்டாரைக் கிளப்பவே கூடாது. எங்காவது கம்பி தரையில் கிடக்கலாம் என்ற எச்சரிக்கையோடு நடக்க வேண்டும்.

இந்த விவரத்தை உங்கள் பிரிவு அலுவலகத்துக்கோ, 2021-இல் தொடங்கப்பட்ட மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 என்ற எண்ணுக்கோ, மின் இணைப்பு எண்ணுடன் தெரிவிக்கலாம்.

கம்பத்தில் ஏறாதீர்கள்

ஆள் வரத் தாமதமாகிறது, பயிர் வாடுகிறது என்று ஊரில் கைத்தேர்ந்த இளைஞர் ஒருவரை டிரான்ஸ்பார்மரில் ஏற்றிவிடுவது சில இடங்களில் நடக்கிறது. “தம்பிக்கு எல்லாம் தெரியும்” என்பார்கள். கீழே உள்ள கைப்பிடியை இழுத்துவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். மேலே மூன்று கத்திகளில் ஒன்று விலகாமல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் 11,000 வோல்ட் அங்கே காத்திருக்கும். அது தொட்டால்தான் அடிக்கும் என்பதும் இல்லை, நெருங்கினாலே தாவும். கத்திகள் மூன்றும் விலகியிருந்தாலும், யாரோ வீட்டில் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் கீழிருந்து மின்சாரம் ஏறி மேலே 11,000 வோல்ட் ஆகிவிடும். மின்வாரிய ஊழியர் லைனை நிறுத்தி, சோதித்து, எர்த் கம்பி மாட்டிய பிறகு ஏறுவது இதற்காகத்தான். ஒரு தண்ணீர் தப்பினால் விளைச்சல் குறையும்; அடுத்த போகத்தில் ஈடு செய்யலாம். ஏறிய பிள்ளையை ஈடு செய்ய முடியாது.

செய்ய வேண்டியவை

1. உங்கள் மோட்டாருக்கு ஏற்ற கனமுள்ள, ஈயம் பூசிய செம்புக் கம்பியைச் சிறு சுருளாக வாங்கி மோட்டார் கொட்டகையில் மாட்டி வையுங்கள். கம்பி கையில் இல்லாதபோதுதான் கட்டுக் கம்பி நினைவுக்கு வருகிறது.

2. கம்பி கட்டும்போது மெயின் சுவிட்சை நிறுத்தி, டெஸ்டரில் பார்த்து, காய்ந்த பலகையின் மேல் நின்று செய்யுங்கள். திருகை இறுக்கமாக முடுக்குங்கள். தளர்ந்த திருகு சூடேறி நல்ல கம்பியையும் உருக்கும். இழைகளை முறுக்கிக் கட்ட வேண்டாம். முறுக்கிய இழைகள் எத்தனை ஆம்பியரில் உருகும் என்று சொல்ல முடியாது.

3. பீஸ் ஒரு முறை போனால் புதிதாகக் கட்டலாம். உடனே மறுபடியும் போனால் கட்டாதீர்கள். கேபிள், ஸ்டார்ட்டர், பேரிங், காயில் ஆகியவற்றில் பழுது இருக்கும். மோட்டார் மெக்கானிக்கை அழையுங்கள்.

4. டிரான்ஸ்பார்மர் மேடையைச் சுற்றிக் கொடி படர விடாதீர்கள். அதில் மாடு கட்டாதீர்கள். எண்ணெய் கசிந்தாலோ, மூச்சுக் குழாயில் உள்ள நீல நிற சிலிகா ஜெல் வெளுத்து இளஞ்சிவப்பானாலோ, உறுமல் ஓசை கூடினாலோ மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள்.

5. டிரான்ஸ்பார்மர் பியூஸில் அலுமினிய இழையோ கட்டுக் கம்பியோ சுற்றியிருப்பது தெரிந்தால், ‘நமக்குத் தண்ணீர் வருகிறதே’ என்று பேசாமல் இராமல், சரியான பியூஸ் போடும்படி பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

6. சுமை உண்மையிலேயே கூடியிருந்தால் கூட்டாக மனுக் கொடுத்துப் பெரிய டிரான்ஸ்பார்மரோ கூடுதல் டிரான்ஸ்பார்மரோ கேளுங்கள். மோட்டார்களின் பட்டியலையும் ஆம்பியர் கணக்கையும் மனுவோடு இணைத்தால் மறுப்பதற்கு இடமிராது.

ஒரு முழம் பியூஸ் கம்பியின் விலை மிகச் சொற்பம். அது உருகும்போது நமக்குக் கோபம் வருகிறது. அது தான் உருகி மோட்டாரையும், டிரான்ஸ்பார்மரையும், வரப்பில் நடக்கும் நம்மையும் காக்கிறது. இன்று மாலை தண்ணீர் கட்டப் போகும்போது மெயினை நிறுத்திவிட்டு, உங்கள் பீஸ் கட்டை மூன்றையும் கழற்றி, உள்ளே என்ன கம்பி இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.